பெயரில் பத்து, உள்ளே 18, ஆட்டமோ ஒன்பது: காலேஜ் ஃபுட்பால் அட்டவணை ஏன் இப்படி ஆனது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் இந்த வருடம் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள், சனிக்கிழமை வந்தால் ஊரே ஃபுட்பால் ஃபுட்பால் என்று கிடக்கிறது (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்), அவள் அனுப்பிய ஆட்ட அட்டவணையைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை என்கிறீர்கள். அவர்கள் அணி இருக்கிற கான்ஃபரன்ஸின், அதாவது கல்லூரி அணிகள் சேர்ந்து நடத்துகிற லீக்கின், பெயர் பிக் டென், 'பெரிய பத்து'. உள்ளே இருப்பது 18 அணிகள். அயோவா அதில் ஒன்பது அணிகளோடுதான் ஆடுகிறது, மீதி எட்டு அணிகளை இந்த வருடம் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் எல்லோரோடும் ஆடாத லீக்கில் யார் முதலிடம் என்று எப்படிச் சொல்கிறார்கள், ஏன் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்? இதுதானே கேள்வி.

நான் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இன்னும் கார்வாலிஸில்தான் இருக்கிறேன். கான்ஃபரன்ஸ்கள் பெருத்துப் போனதில் அதிகம் அடி வாங்கிய ஊர்களில் இது ஒன்று. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது முழுக்க முழுக்கக் கணக்கு.

எல்லாம் 12 என்ற எண்ணில் வந்து நிற்கிறது. ஒரு அணி ஒரு சீசனில் ஆடுவது 12 ஆட்டம், 2006 முதல் இதுதான் நிலைமை. இந்த ஆட்டத்தில் உடம்பு படுகிற பாட்டுக்கு வாரம் ஒன்றுக்கு மேல் ஆட முடியாது, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிக்குள் முடித்தாக வேண்டும், போதாக்குறைக்கு எல்லோரும் படிக்கிற பிள்ளைகள். கூடைப்பந்தில் ஒரு சீசனில் 30 ஆட்டம் ஆடலாம், கான்ஃபரன்ஸ் எவ்வளவு பெருத்தாலும் அங்கே எப்படியோ சமாளித்துவிடுவார்கள். ஃபுட்பாலில் அந்த வழி கிடையாது. கான்ஃபரன்ஸ் பெருகலாம், 12 பெருகாது.

இப்போது 10 அணிகள் இருக்கிற ஒரு கான்ஃபரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணிக்கும் எதிரணிகள் ஒன்பது. ஒன்பது பேரோடும் ஒரு தடவை ஆடி முடித்தால் வெளி அணிகளுக்கு மூன்று ஆட்டம் மிச்சம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. மேற்குக் கரையில் எங்கள் பேக்-10 கான்ஃபரன்ஸ் 2006 முதல் 2010 வரை சரியாக இப்படித்தான் இருந்தது. எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள், அதிகம் ஜெயித்தவன் சாம்பியன், தனியாக ஒரு இறுதி ஆட்டம்கூடத் தேவைப்படவில்லை. வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா, அரிசோனா என்று நாலு மாநிலம், மாநிலத்துக்கு ஜோடி ஜோடியாக அணிகள், கலிஃபோர்னியாவுக்கு மட்டும் இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் பரம எதிரிகள். இதைவிட அழகான அமைப்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை. மத்திய மாநிலங்களின் பிக் 12 கான்ஃபரன்ஸும் ஆள் குறைந்து 10 அணிகளாக இருந்த 2011 முதல் 2022 வரை இப்படியே எல்லோரும் எல்லோரோடும் ஆடும்படி நடந்தது. (ஆமாம், பிக் 12ல் 10 அணிகள் இருந்த காலத்தின் தொடக்கத்தில் பிக் டென்னில் 12 அணிகள் இருந்தன. பெயரை வைத்து எண்ணிக்கையைத் தேடாதீர்கள். 1990ல் பென் ஸ்டேட்டைச் சேர்த்து 11 ஆனபோது பெயரை மாற்ற மனமில்லாமல் லோகோவின் எழுத்துகளுக்கு நடுவே 11ஐ ஒளித்து வைத்தவர்கள் அவர்கள்.)

சரி, அவ்வளவு கச்சிதமாக இருந்ததை ஏன் கலைத்தார்கள்? டிவி. 1984 வரை எந்த ஆட்டம் ஒளிபரப்பாக வேண்டும், ஒரு அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தரப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 7-க்கு 2 என்ற தீர்ப்பில் ஜெயித்தது. அதற்கப்புறம் தன் ஆட்டத்தைத் தானே விற்கலாம் என்றாகிவிட்டது. தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை அதிகம், கூட்டத்தில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தால் இன்னும் அதிகம். அங்கே பிடித்த ஓட்டம்தான் இது. தென்மாநிலங்களின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் ஆர்கன்சா, சவுத் கரோலினா இரண்டையும் சேர்த்து 12 ஆனது. 12 அணிகள் இருந்து அதை இரண்டு பிரிவாகப் பிரித்தால், வழக்கமான ஆட்டக் கணக்குக்கு வெளியே கூடுதலாக ஒரு இறுதி ஆட்டம் நடத்திக்கொள்ளலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதிப் புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் இறுதி ஆட்டம் நடந்தது, அலபாமா 28-21 என்று ஃப்ளோரிடாவை ஜெயித்தது. அந்த ஒரு சனிக்கிழமையில் வந்த பணத்தைப் பார்த்த மற்ற கான்ஃபரன்ஸ்களும் 12, அப்புறம் 14 என்று ஆள் சேர்க்க ஆரம்பித்தன. இன்று வந்து நிற்கிற இடம், பிக் டென் 2022ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் போட்ட ஏழு வருட ஒப்பந்தம், 700 கோடி டாலருக்கு மேல்.

பணக் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அட்டவணை கொடுத்த விலைதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எஸ்.இ.சி.யில் 14 அணிகள் இருந்த காலத்தைப் பாருங்கள். ஏழு ஏழாக இரண்டு பிரிவு. கான்ஃபரன்ஸ் ஆட்டம் மொத்தம் எட்டு. தன் பிரிவிலேயே ஆறு போய்விடும், எதிர்ப் பிரிவில் நிரந்தரமாக ஒரு எதிரிக்கு ஒன்று, ஆக மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எதிர்ப் பிரிவின் மற்ற ஆறு அணிகளுக்குச் சுழற்சி முறையில் கொடுக்க வேண்டும். ஒரு அணியைச் சந்திக்க ஆறு வருடம், அது உங்கள் ஊருக்கு மறுபடி வர 12 வருடம். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012ல் எஸ்.இ.சி.க்கு வந்தது, அதே கான்ஃபரன்ஸில் இருக்கிற ஜார்ஜியாவோடு முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடியது 2019ல், அதுவும் ஜார்ஜியாவின் ஊரில். கல்லூரிக்குள் வந்து பட்டம் வாங்கி வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொள்ளலாம், அதுவரை ஜார்ஜியா அணி உங்கள் ஸ்டேடியத்துக்குள் காலடி வைத்திருக்காது.

இதைவிடக் கொடுமை கிழக்குக் கரையின் ஏ.சி.சி.யில் நடந்தது. வட கரோலினா பல்கலைக்கழகமும் வேக் ஃபாரஸ்டும் ஒரே மாநிலம், காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், 1953ல் அந்தக் கான்ஃபரன்ஸைத் தொடங்கியவர்களிலேயே இருவரும் உண்டு. கான்ஃபரன்ஸ் பெருத்து இரண்டாகப் பிரிந்தபோது ஆளுக்கொரு பிரிவில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் இருவரும் உட்கார்ந்து பேசி, 2019லும் 2021லும் தங்களுக்குள் 'கான்ஃபரன்ஸுக்கு வெளியே' ஆட்டம் போட்டுக்கொண்டார்கள். புரிகிறதா? ஒரே கான்ஃபரன்ஸின் இரண்டு ஸ்தாபகர்கள், வெளியாட்களைப் போல ஒப்பந்தம் போட்டு ஆடினார்கள், அந்த ஆட்டத்தின் முடிவு கான்ஃபரன்ஸ் கணக்கில் சேரவும் இல்லை. 2021 ஆட்டம் 58-55 என்று முடிந்தது, அப்படி ஒரு ஆட்டம்! விரிவாக்கத்தால் என்ன கெட்டது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முழுக்க அறுந்து போனவையும் உண்டு. நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் 1928 முதல் 1997 வரை ஒரு வருடம் விடாமல் மோதினார்கள். 1971ல் நன்றி கூறும் நாளன்று நடந்த ஆட்டத்தை, நெப்ராஸ்கா 35-31 என்று ஜெயித்ததை, வயதானவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிக் 12 உருவாகி இருவரும் வேறு வேறு பிரிவுக்குப் போனதும் இரண்டு வருடம் ஆட்டம், இரண்டு வருடம் இடைவெளி என்றாகி, நெப்ராஸ்கா 2011ல் பிக் டென்னுக்கே போய்விட்டது. டெக்சஸுக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கும் 1894ல் தொடங்கிய தொடர்பு 2011ல் நின்று, 2024ல் டெக்சஸும் எஸ்.இ.சி.க்கு வந்த பிறகுதான் மறுபடி துளிர்த்தது. ஒரு விரிவாக்கம் பிரித்ததை இன்னொரு விரிவாக்கம் சேர்த்து வைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதே நகர்வில் ஓக்லஹோமாவும் கூடவே போனதால், 1910 முதல் வருடம் தவறாமல் நடந்த ஓக்லஹோமா - ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுவிட்டது.

2022 மே மாதம் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. இறுதி ஆட்டம் நடத்த இரண்டு பிரிவு கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். பிரிவுகள் போனதும் அட்டவணை போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எஸ்.இ.சி. 2026 முதல் ஒன்பது ஆட்டத்துக்கு மாறுகிறது, அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது: 16 அணிகள், ஆக எதிரணிகள் 15. அதில் மூன்று பேர் வருடா வருடம் நிரந்தரம். மிச்சம் 12 பேர், வருடத்துக்கு ஆறு பேர் வீதம் இரண்டு வருடத்தில் எல்லோரையும் பார்த்துவிடலாம், நாலு வருடத்தில் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. அதாவது நாலு வருடம் படிக்கிற பிள்ளை எல்லா அணியையும் தன் ஊரில் ஒரு தடவையாவது பார்த்துவிடும். பெருத்துப்போன கான்ஃபரன்ஸுக்கு இதைவிட நல்ல அட்டவணை போட முடியாது என்றே நினைக்கிறேன்.

உங்கள் மகளின் பிக் டென்னில் இருப்பது 18, அங்கே இந்த அழகு கிடைக்காது. அவர்கள் வைத்திருக்கிற விதி, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு அணியையும் குறைந்தது இரண்டு தடவை சந்திக்க வேண்டும், இங்கே ஒன்று அங்கே ஒன்று. அதோடு 12 பாரம்பரிய ஜோடிகளை மட்டும் வருடா வருடம் மோதும்படி காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அயோவாவுக்கு மட்டும் அப்படி மூன்று ஜோடி: மினசோட்டா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா. பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்தில் அயோவாவுக்கு 45 கான்ஃபரன்ஸ் ஆட்டம். நிரந்தர எதிரிகள் மூவருக்கு 15 போய்விடும். மற்ற 14 பேருக்கு இரண்டிரண்டாக 28. மொத்தம் 43, கையில் மிச்சம் இரண்டு. நாலாவதாக ஒரு நிரந்தர எதிரியைச் சேர்த்தால் 20ம் 26ம் சேர்ந்து 46 ஆகிவிடும், கணக்கு உதைக்கும். ஆக ஒரு அணி பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய பழைய உறவுகள் அதிகபட்சம் மூன்றுதான். அயோவா அந்த எல்லை வரை போய் வாங்கியிருக்கிறது.

இனி முதலிடம் யாருக்கு என்ற கேள்வி. இங்கேதான் உங்கள் சந்தேகம் மிகச் சரி. பிரிவுகள் இல்லாததால் பட்டியலில் மேலே இருக்கிற இரண்டு அணிகள் இறுதி ஆட்டத்துக்குப் போகும். ஆனால் பாதிப் பேர் பாதிப் பேரோடு ஆடவே இல்லையே! 2024ல் பிக் டென்னில் ஓரிகன் ஒன்பதையும் ஜெயித்தது, பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் ஆளுக்கு எட்டு ஜெயித்து ஒன்று தோற்றார்கள், இருவருமே தோற்றது ஒஹாயோ ஸ்டேட்டிடம். இருவரும் நேருக்கு நேர் மோதவே இல்லை. கடைசியில் 'யாருடைய எதிரணிகள் அதிகம் ஜெயித்திருக்கின்றன' என்று கூட்டிப் பார்த்துப் பென் ஸ்டேட்டை அனுப்பினார்கள். இந்தியானா செய்த குற்றம் என்ன? அட்டவணை அமைந்த விதம், அவ்வளவுதான். 2025ல் ஏ.சி.சி.யில் இன்னும் மோசம், ஐந்து அணிகள் ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்று இரண்டாம் இடத்தில் சமமாக நின்றன, அதே எதிரணிக் கணக்குப்படி மொத்த சீசனில் ஐந்து தோல்வி கண்ட டியூக் இறுதி ஆட்டத்துக்குப் போய், வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் ஜெயித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. டியூக் பையன்கள் ஆடித்தான் ஜெயித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆடாத ஆட்டங்களின் எண்களைக் கூட்டிக் கழித்து ஒரு இடத்தைக் கொடுப்பது எனக்கு ஒப்பவே இல்லை. 10 அணிகள் இருந்தபோது நேருக்கு நேர் மோதிய முடிவாவது கையில் இருந்தது.

தூரத்தைப் பற்றியும் கொஞ்சம். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ், இடையில் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். கிழக்கில் பகல் 12 மணிக்கு ஆட்டம் என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் பையன்களின் உடம்புக்கு அது காலை ஒன்பது, ஐந்து மணிக்கே எழுந்து சாப்பிட்டாக வேண்டும். பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஏ.சி.சி.யில் ஆடிய முதல் வருடம், 2024ல், ஃப்ளோரிடா, பிட்ஸ்பர்க், வட கரோலினா, டாலஸ் என்று நாலு கான்ஃபரன்ஸ் பயணம் போனது. பெயர் அட்லாண்டிக் கடற்கரை, அணி இருப்பதோ பசிஃபிக் ஓரம். ஃபுட்பால்காரர்களாவது வாரம் ஒருமுறை தனி விமானத்தில் போய் வருகிறார்கள். ஃபுட்பாலுக்காகச் செய்த ஏற்பாட்டில் வாலிபால், சாஃப்ட்பால் ஆடுகிற பெண் பிள்ளைகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டு, வார நடுவில் விமான நிலையத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அவர்களுக்காக எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அப்புறம் எங்கள் ஊர். எங்கள் பேக்-10 அதற்குள் 12 அணிகளாகி, பேக்-12 என்று பெயரும் மாறியிருந்தது. 2022 ஜூன் கடைசியில் அதிலிருந்து யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது, ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து அணிகள் போயின, செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போயின. 12 அணிகளில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். இரண்டு பேர் கான்ஃபரன்ஸில் ஒரு சீசனுக்கு 12 ஆட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வெளி ஆட்டங்களைப் பெரிய அணிகள் பல வருடம் முன்பே பேசி முடித்துவிடும், அதிலும் அக்டோபர், நவம்பரில் எல்லோரும் தங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் இருப்பார்கள், கூப்பிட்டால் வர ஆள் இருக்காது. 2024க்கு மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸோடு பேசி, சுமார் 1.4 கோடி டாலர் கொடுத்து ஆளுக்கு ஆறு ஆட்டம் வாங்கினார்கள். அடுத்த வருடம் அந்த ஏற்பாடும் இல்லை. கார்வாலிஸிலிருந்து வட கரோலினாவின் மலையூரான பூன் வரை போய் ஆடினோம், அப்படியும் பட்டியல் நிரம்பாமல் 2025ல் நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரே சீசனில் இரண்டு தடவை மோதிக்கொண்டோம். 2026 முதல் புது அணிகளைச் சேர்த்து பேக்-12 மறுபடி எழுகிறது, நல்லது, அதற்கு என் ஆதரவு முழுசாக உண்டு.

ஆனால் 65 கிலோமீட்டர் தள்ளி யூஜினில் இருக்கிற ஓரிகன் பல்கலைக்கழகத்தோடு ஆடுகிற ஆட்டம், அது 1894ல் தொடங்கியது, பெரும்பாலும் சீசனின் கடைசி ஆட்டமாக நவம்பர் குளிரில்தான் வரும். 2022 நவம்பர் 26 அன்று நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். மேற்குப் பக்க இருக்கைகளை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த வருடம் அது, ஒரு பக்கம் முழுக்கக் கட்டுமான வேலை, மூன்று பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 31-10 என்று பின்தங்கி, எனக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் போர்வையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம் நம் பையன்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள், 38-34. போர்வையை மடித்தவர் அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார், அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

ஓரிகன் பிக் டென்னுக்குப் போனபின் அவர்களுக்கு நவம்பரில் இடமில்லை. 2024ல் அந்த ஆட்டம் செப்டம்பர் 14க்கு வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்குவதே செப்டம்பர் கடைசியில்தான், மாணவர்களில் பெரும்பாலோர் ஊருக்கே வந்து சேராத நேரம். 49-14 என்று தோற்றோம். தோல்வி பழகியதுதான். விடுதி ஜன்னல்கள் இருட்டாகக் கிடந்த தெருவழியே அந்த ஆட்டத்துக்குப் போய் வந்ததுதான் பழகவில்லை.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அட்டவணை முழுவதையும் புரிந்துகொள்ளப் பாடுபட வேண்டாம். அந்த மூன்று நிரந்தர எதிரிகள், அதோடு பக்கத்துக் கல்லூரியான அயோவா ஸ்டேட், இந்த நாலையும் பிடித்துக்கொண்டால் போதும். மினசோட்டா ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு வெண்கலப் பன்றிதான் கோப்பை, 1935ல் இரு மாநில ஆளுநர்கள் நிஜப் பன்றியைப் பந்தயம் கட்டியதிலிருந்து வந்த வழக்கம் அது. மினசோட்டா அயோவா நகரத்துக்கு வருகிற வருடம் எதுவென்று பார்த்து டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், கனமான ஸ்வெட்டர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளட்டும்.